எண் 214 சொன்ன பொய்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நானும் இவளும் சுகம்தான். அத்தானின் முட்டிவலி குளிருக்கு அதிகமாகியிருக்குமே, எப்படி இருக்கிறார்? நீ காதுக்கு வாங்கிய மிஷினை இன்னும் டப்பாவிலேயே பூட்டி வைத்திருக்கிறாயாமே. போனில் உன்னிடம் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். அதனால் பழையபடி கடிதம்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் அருங்காட்சியகம், அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்களை ஏழு நாள் அடைத்து வைத்த கொட்டகை என்று உனக்குத் தெரியும். போன மழையில் கூரை ஒழுகி, கப்பல் பதிவேடுகள் நனைந்துவிட்டன. செப்பனிடும் வேலையைத் தலைமை அம்மா என்னிடம் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று நம் கொள்ளுத்தாத்தா வந்த கப்பலின் டாக்டர் எழுதிய நாட்குறிப்பு. செப்டம்பரில் கப்பலில் வந்தவர்களுக்கென்று தனிக் கூடம் திறக்கிறார்கள். கப்பலில் தண்ணீர் அளந்து கொடுத்த நம் தாத்தா, அந்தத் தண்ணீர்க்காரர் கதையைக் கேட்டுவிட்டு, அவருடைய குவளையை நடுக்கூடத்தில் வைக்கலாம் என்கிறார் தலைமை அம்மா. குவளை உன்னிடம்தானே இருக்கிறது?

தைத்த நூல் இற்றுப்போய் நாட்குறிப்பின் தாள்களெல்லாம் கலைந்து கிடக்கின்றன. பழைய மை நூறு வருஷத்தில் எதிர்ப்பக்கத்தில் நிழலாக இறங்கியிருக்கும். அந்த நிழலைப் பார்த்துத்தான் எந்தத் தாளுக்கு எது ஜோடி என்று சேர்ப்பேன். பிறகு மூலையில் பென்சிலால் எண் போட்டு, பூஞ்சணம் தட்டி, உலர்த்தி, கிழிசலுக்கு மெல்லிய தாள் ஒட்டி, திரும்பத் தைக்க வேண்டும். ஆறு மாதம் பிடிக்கும்.

பொய்க்காரி வீட்டுப் பெண் ஒருத்தி உன்னோடு படித்தாளே, நினைவிருக்கிறதா? அந்த அம்மா இப்போது தையல்கடை வைத்திருக்கிறார். செவ்வாய்தோறும் கடைக்கு விடுமுறை, நேரே இங்கே வந்துவிடுகிறார். அவருடைய கொள்ளுப்பாட்டியும் அதே கப்பல்தான். பயணிகள் பட்டியலில் எண் 214 என்று மட்டும் கிடைத்திருக்கிறது. வேறு ஒரு வரியாவது இருக்குமா என்று கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தான் முட்டிவலியை மறந்து இரண்டு தரம் வாசித்துக் காட்டினார், நான் எழுத்துக்கூட்டத் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் நலம். உன் பெண்டாட்டிக்கு இரத்த அழுத்தம் எப்படி? உப்பைக் குறைக்கச் சொல்.

குவளை கேட்டால் தரமாட்டேனா? கரும்பு தின்னக் கூலியா? ஆனால் கதையை ஒழுங்காக எழுதச் சொல். நீ எதையும் பாதி சொல்லி மென்று விழுங்குகிறவன். பெரியப்பா சொன்னபடி சொல்லவேண்டும். கடைசிப் பதினேழு நாள் மழையே இல்லை. தொட்டியில் தண்ணீர் அடி தட்டிவிட்டது. காலையும் மாலையும் ஆளுக்கு ஒரு குவளை. தாத்தா தன் பங்கைக் குடிக்காமல் குழந்தைகள் வாயில் ஊற்றினார். கரையில் இறங்கும்போது கப்பல் ஜனம் எல்லாம் சேர்ந்து அந்தக் குவளையையே கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாலையாகப் போட்டது. ராஜாவுக்குக்கூட அப்படி மரியாதை கிடைக்காது. குவளை விளிம்பில் கயிறு கோத்த இரண்டு ஓட்டையும் இன்னும் இருக்கிறது.

இங்கே ஒரு கூட்டம் பாக்கியில்லாமல் இதைச் சொல்லியிருக்கிறேன். என் சம்பந்தியம்மா தன் தாத்தா நீதிபதி என்பாள். அப்போது நான் குவளையை எடுத்து முன்னால் வைப்பேன். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அந்தத் தையல்காரி பேச்சு எதற்கு? அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாளா? சரி, அது கிடக்கட்டும்.

தாத்தாவைப் பற்றி டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று உடனே எழுது. வரிக்கு வரி எழுது.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வேலை நெருக்கடி. இவளுக்கு இரத்த அழுத்தம் பரவாயில்லை. அத்தானை முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்.

நாட்குறிப்பில் தாத்தாவைப் பற்றி இதுவரை ஒன்றும் கண்ணில் படவில்லை. நான் இன்னும் அந்தப் பகுதிக்கு வரவில்லை. டாக்டர்கள் கையெழுத்து அந்தக் காலத்திலும் இதே லட்சணம்தான்.

குவளையை அனுப்ப அவசரப்படாதே. தபாலில் நசுங்கிவிடும். கூடம் திறப்பதே தள்ளிப்போனாலும் போகும். இங்கே எதுவும் சொன்ன தேதியில் நடந்ததில்லை. சம்பந்தியம்மாவிடமெல்லாம் இப்போதே சொல்லி வைக்காதே.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம், அதில் பாதிப் பக்கம் வெறுமை. பக்கத்துக்கு இத்தனை என்று யாராவது வரி போட்டிருக்கிறார்களா?

அவசரப்படாதே என்றாய். உன் தலைமை அம்மா உன்னைவிட வேகம். எனக்கு நேராகவே கடிதம் போட்டு, ஒரு படிவமும் அனுப்பியிருக்கிறார். குவளையின் உயரம், வாய் அகலம், உலோகம், கொள்ளளவு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பத்துக் கேள்வி. கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்து எழுதப்போகிறேன். அத்தான் அடிக்கோலை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார்.

தாத்தாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையா? கப்பல் ஜனத்தையே காப்பாற்றிய மனுஷனை ஒரு டாக்டர் எழுதாமல் விடுவாரா? கண்ணாடியை மாற்று. நன்றாகத் தேடு.

உன் அக்கா


மே 2

தம்பிக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, வேலை இருக்கும்.

படிவத்தை அனுப்பிவிட்டேன். ஒரு கட்டம் மட்டும் நிரப்பவில்லை. குவளையை எங்கேயோ வைத்துவிட்டேன், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சாமான்களை மாற்றி மாற்றி வைத்தோம். அதில் எங்கோ போயிருக்கும். தலைமை அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. வயசானவள் வீட்டுச் சாமான், தொலைந்துவிட்டது என்று சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

அத்தானுக்கு வலி குறைந்திருக்கிறது.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அத்தானுக்கு வலி குறைந்தது பெரிய ஆறுதல்.

குவளை தொலைந்ததற்கு நீ வருத்தமே படாதே. பழைய சாமான்தானே. தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும். மெனக்கெட்டுத் தேடாதே, அத்தானையும் தேட விடாதே. தலைமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் கதையை மட்டும் பெரிதாக எழுதி மாட்டப்போவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரிக்கிறார்.

தையல்காரம்மா ஒரு செவ்வாயும் தவறவில்லை. என் மேஜைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம், "டாக்டர் நோட்டுல எங்க வீட்டு ஆளைப் பத்தி ஒண்ணுமே இல்லையா சார்?" என்றார்.

இல்லை என்றேன்.

"எங்க வீட்டை நூத்திச் சொச்ச வருஷமா பொய்க்காரி வீடுன்னு கூப்பிடறாங்க. அவ என்ன பொய் சொன்னான்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டா, கப்பல்ல பொய் சொன்னா, அவ்வளவுதான். என்ன பொய்னு தெரிஞ்சிட்டா போதும் சார். அப்புறம் நிம்மதியா தலையைக் குனிஞ்சுக்கலாம்."

நான் பசையைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கட்டி தட்டிவிட்டது, கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சினேன். சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. இவள் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

அத்தானும் நானும் சுகம். உன் கடிதத்தை மூன்று நாளாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன்.

நான் ஒன்று கேட்கிறேன். தாத்தா குவளை தொலைந்துவிட்டது என்று எழுதினால் நீ என்னை வையவேண்டும். சின்ன வயசில் நான் உன்னை அதைத் தொடக்கூட விடவில்லை என்று அழுது புரண்டவன் நீ. தேடாதே, அத்தானையும் தேட விடாதே என்கிறாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக இருக்கிறது. நீ எதையோ பார்த்திருக்கிறாய்.

சரி, முதலில் என் குட்டை நானே உடைக்கிறேன். குவளை தொலையவில்லை. என் துணி அலமாரியில், போர்வைக்கு அடியில் இருக்கிறது.

அன்றைக்கு அளக்க உட்கார்ந்தோம். வெளியே அளந்தால் ஐந்து அங்குலம். உள்ளே விட்டு அளந்தால் நாலுதான். அத்தான் அடிக்கோலைக் குற்றம் சொன்னார். நான் அத்தானைக் குற்றம் சொன்னேன். மறுநாள் தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தார், அவரிடம் காட்டினேன். திருப்பித் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல உள்ள இன்னொரு தட்டு வெச்சு ஈயத்தால பத்த வெச்சிருக்காங்க. நடுவுல காலி. யார் வேலையோ தெரியல, ஆனா சுத்தமான வேலை. அளந்து விக்கிறவங்க செய்யறது" என்றார். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழைய கடையில் வாங்கினது என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டம் கொள்ளளவு.

அறுபத்திரண்டு வருஷமாக அதைத் துலக்கித் துலக்கி வைத்திருக்கிறேன். உள்ளே கையை விட்டுத்தானே துலக்கினேன். ஒருநாளும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லையோ என்னவோ.

கப்பலில் வந்து இறங்கியவன் கையில் ஒன்றும் இருக்காது என்பார்கள். தாத்தா இறங்கிய வருஷமே கடை வைத்தார். எப்படி வைத்தார் என்று பெரியப்பா ஒருநாளும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. இப்போது உன்னைக் கேட்கிறேன். மென்று விழுங்காமல் எழுது.

அக்கா


ஜூன் 25

அக்கா,

நீ நலமாக இருக்கவேண்டும். இதைப் படிக்கும்போது அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

பிப்ரவரி இரண்டாம் வாரமே அந்தத் தாள் என் கைக்கு வந்தது. அந்தப் பகுதிக்கு வரவில்லை என்று உனக்கு எழுதியது பொய். கப்பலின் நாற்பத்தோராம் நாள். டாக்டர் எழுதியிருப்பதை நீ கேட்டபடி வரிக்கு வரி எழுதுகிறேன்.

'எண் 214, பெண், கைக்குழந்தையோடு வந்தாள். தண்ணீர் அளவு குறைகிறது என்று குவளையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தண்ணீர்க்காரன் அவள் பொய் சொல்கிறாள் என்றான். சுற்றி நின்றவர்களும் அவள் சண்டைக்காரி என்றார்கள். நானே மருந்து அளக்கும் என் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்த்தேன். ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உள்ளே பொய்த்தட்டு. மிச்சம் பிடித்த தண்ணீரை மூக்குத்திக்கும் மோதிரத்துக்கும் விற்றிருக்கிறான். அவனை வேலையிலிருந்து நீக்கி, கரை சேரும்வரை குவளையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடமாட உத்தரவிட்டேன். அவள் சொன்னது உண்மை.'

மாலை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்.

இறங்கியவர்களைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நம் ஊருக்கு வந்தது தாத்தா, அவள், இன்னும் மூன்று பேர். தாத்தா கடை வைத்தார். கடை வைத்தவர் பேச்சுத்தான் எடுபடும், மற்ற மூன்று பேரும் அவரிடம்தானே சாமான் வாங்கவேண்டும். டாக்டர் கப்பலோடு போய்விட்டார். அவர் எழுதியது இங்கே அலமாரியில் கிடந்தது. அவள் பொய்க்காரி ஆனாள்.

இனி நான் செய்தது. தாள்களுக்குப் பென்சில் எண் போடும் முன் அந்த ஒன்றை உருவிவிட்டேன். செய்தித்தாளில் சுருட்டி, சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மிச்சத்துக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் போட்டேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன். முப்பது வருஷம் மை நிழலைப் பார்த்துப் பார்த்துத் தாள் சேர்க்கிறவனுக்கு அந்த நிழல் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏப்ரலில் தைக்க எடுத்தபோது பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் முழுத் தாளும் நிழலாக விழுந்திருக்கிறது. முகம் மழிக்கிற கண்ணாடியைப் பிடித்தேன், எழுத்து நேராகிவிட்டது. கடைசி வரிவரை வாசிக்க முடிகிறது.

அந்த எதிர்ப்பக்கம் கப்பலில் இறந்தவர்களின் பட்டியல். பதினோரு பேர். நிழலை எடுக்கவேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை ஈரத்தால் துடைக்கவேண்டும். துடைத்தால் நிழலோடு பட்டியலும் போகும். எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்தே ஈரப் பஞ்சை எடுத்து வைத்தேன், ஒரு மூலையில்.

ஒரு எண் கரைந்துவிட்டது. உடனே ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன், பயனில்லை. அது ஒரு குழந்தையின் வயது. ஏழு மாதமா ஒரு மாதமா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வரியில் எழுதியிருப்பது: எண் 214-இன் குழந்தை, ஆண்.

அவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். நான் இல்லை என்கிறேன். தாள் என் அலமாரியில் உன் பழைய கடிதங்களுக்கு நடுவே இருக்கிறது. என்னால் அதை வெளியே எடுக்கவும் முடியவில்லை, எரிக்கவும் முடியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

உன்னை வையத்தான் பேனாவை எடுத்தேன். முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே உனக்குப் பதில் எழுதினேன். கொளுத்திவிடு, நிழலையும் துடைத்துவிடு, செத்தவர்கள் பட்டியலால் யாருக்கு என்ன லாபம் என்று எழுதினேன். உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அத்தான் தபால்தலை வாங்கப் போனார். அவர் வருவதற்குள் கிழித்துப்போட்டேன். சம்பந்தியம்மாவின் முகம்தான் என் கண்முன் நின்றது. ஒரு குழந்தை தண்ணீரில்லாமல் செத்திருக்கிறது, எனக்கு சம்பந்தியம்மா முகம்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. நாலாம் வகுப்பில் வாத்தியாரின் மைப்புட்டியை நான் தட்டி உடைத்துவிட்டேன். வருகைப் பதிவேடு முழுக்க மை. யார் என்று கேட்டார். என் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கைகாட்டினேன். "நான் இல்ல சார்" என்றாள். வாத்தியார், "நீ எந்த வீடுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

தாத்தா செய்ததற்கு நான் என்ன பண்ணுவேன் என்று இந்த வயசில் சொல்லிக்கொள்ளலாம். ஒன்பது வயசில் நான் அதே வேலையைத்தான் செய்தேன், யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

தாளைத் திருப்பி வை. தலைமை அம்மாவிடம் சொல். அதற்கு முன்னால் தையல்காரியிடம் சொல். வேலை போனால் போகட்டும், இங்கே வந்துவிடுங்கள், இரண்டு பேருக்குச் சோறு போட எங்களால் முடியும்.

குவளையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். படிவத்தின் நகலில் கொள்ளளவையும் எழுதியிருக்கிறேன். வெளியே ஐந்து, உள்ளே நாலு.

அவள் முகவரியை அனுப்பு. நான் எழுதவேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம் என்றுதான் சொல்லவேண்டும். இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "சாப்பாடு இறங்காததுக்கு இதுதான் காரணமா?" என்று கேட்டுத் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

தையல்காரம்மா செவ்வாய்க்கிழமை வந்தார். தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து வாசித்தேன். முடித்ததும் அவர், "கடைசி வரி இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். மூன்றாம் தடவை படிக்கும்போது பையிலிருந்து பென்சிலை எடுத்து, யாரோ ஒருவருடைய அளவு குறித்த சீட்டின் பின்பக்கத்தில் அந்த வரியை எழுதிக்கொண்டார்.

"இது எப்ப கிடைச்சது?"

பிப்ரவரியில் என்றேன்.

"பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்" என்று விரலை மடக்கி எண்ணினார். "இருபத்தஞ்சு செவ்வாய்க்கிழமை சார்."

அடுத்து குழந்தையைப் பற்றிச் சொன்னேன். ஒரு குழந்தை இருந்ததே அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். பட்டியலைக் காட்டினேன். கரைந்த இடத்தை விரலால் தொடாமல் விரலை மேலே பிடித்துக்கொண்டு பார்த்தார். "இது மழையில போச்சா?" என்றார். நான்தான் துடைத்தேன் என்றேன். அப்படியே எழுந்து போய்விட்டார். அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

தலைமை அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "நீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். தாளை வேறு ஆள் சேர்த்துத் தைத்தார். நான் இனி பதிவேடுகளைத் தொடக்கூடாது. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, அதுவரை வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிக்கிறேன். போலீசுக்குப் போகாததே அவர் பெரிய மனசு. என்னைப் பற்றியும் அந்தக் கறையைப் பற்றியும் கூடத்தில் எழுதி வைக்கப்போகிறார்கள். எழுதட்டும் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.

முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அவர் பதில் போடுவார் என்று எதிர்பார்க்காதே.

உன் தம்பி


செப்டம்பர் 28

என்னோடு நாலாம் வகுப்பில் படித்தவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். உங்கள் வீட்டுக்காரரின் முட்டிவலியைப் பற்றி உங்கள் தம்பி சொன்னார், சரியாகவேண்டும்.

அந்தக் காலத்தில் நாம் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டோம். இப்போது 'நீங்கள்' என்று எழுதினால் கோபம் என்று நினைப்பீர்கள். 'நீ' என்று எழுதினால் மன்னித்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். இந்த அழைப்பில் இரண்டும் இல்லை. வயசுக்கு மரியாதை, அவ்வளவுதான்.

கூடத்தைத் திறந்துவிட்டார்கள். நான் முதல் நாள் போகவில்லை, கூட்டம் குறைந்த பிறகு போனேன். குவளையும் தாளும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. வாசலில் உங்கள் தம்பி சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வேண்டாம் என்றார். வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன், வாங்கிக்கொண்டார். ஊர்க்காரர் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அப்ப உங்க வீட்டை இனிமே என்னன்னு கூப்பிடறது?" என்று என்னைக் கேட்டார். "தையல்காரி வீடுன்னு கூப்பிடுங்க, நாலு துணி கூட வரும்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

மைப்புட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தீர்களோ என்னவோ. அன்றைக்கு வாத்தியார் என் அம்மாவை வரச்சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "நான் உடைக்கலைம்மா" என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். வாசலில் நின்று என் முகத்தைக் கையில் பிடித்துப் பார்த்து, "நம்ம ரத்தத்துலயே இருக்குடி. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல" என்றாள். படித்தால் இன்னும் நாலு பேர் முன்னால் பொய் சொல்லி அவமானப்படுவேன் என்று பள்ளியை நிறுத்தி, தையல் மிஷினில் உட்காரவைத்தாள். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

எண் 214-ஐ நம்ப ஒரு டாக்டராவது இருந்தார். எனக்கு என் அம்மாகூட இல்லை.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசி மாதத்தில் ஒருநாள், "இப்பவாவது சொல்லு, நீதானே உடைச்ச?" என்று கேட்டாள். சாகப்போகிறவள் மனம் ஆறட்டும் என்று ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். என் பங்கை மன்னித்துவிட்டேன், அதை வைத்துக்கொண்டு எனக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மாவின் பங்கைத் தர எனக்கு உரிமை இல்லை. அதை நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எண் 214-இன் கொள்ளுப்பேத்தி